விடுமுறையில் கூட்டல் கணக்கு – சிரட்டையும் ரப்பர் கொட்டையும் கொண்டு ஒரு பாடம்

ஐந்து வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களுக்காகவும், வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் கணித ஆசிரியன் அல்லன். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் டிப்ளமோ படித்த பொறியாளனாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். தண்டவாளம், கட்டை, போல்ட் என்று எண்ணி எண்ணியே காலம் கழிந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் முடியும் வரை நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலில் மகள் வீட்டில் இருக்கிறேன். அங்கே பேரப்பிள்ளைகளோடும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடும் விடுமுறையில் நடத்திப் பார்த்த கூட்டல் விளையாட்டுகளைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன்.

கட்சாலை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றை ரப்பர் தோட்ட வேலைக்காகக் கொண்டுவந்து குடியமர்த்திய தீவு இது. தீவின் சொந்த மக்கள் நிக்கோபாரிகள். ஆகவே தெருவில் விளையாடும் ஒரு கூட்டத்தில் தமிழ், இந்தி, நிக்கோபாரி மொழி மூன்றும் காதில் விழும். பிள்ளைகள் தங்களுக்குள் பொதுவாகப் பேசுவது இந்தி, பாடப்புத்தகத்தில் இருப்பது ஆங்கிலம், வீட்டில் தமிழ். எண்ணும்போது எந்த மொழியில் எண்ணுவது என்பதே இங்கே ஒரு பிரச்சினை. தில்லியிலும் மும்பையிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கும் இது புதிதல்ல.

முதலில் பிள்ளைகள் எப்படிக் கூட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால், சின்னப் பிள்ளை எட்டை ஒன்றிலிருந்து எண்ணும், ஐந்தையும் ஒன்றிலிருந்து எண்ணும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். இது முதல் படி. கொஞ்ச நாளில் "எட்டு" என்று வாயில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று விரலை மடக்கும். இது இரண்டாம் படி. மூன்றாம் படியில் எட்டுக்குப் பத்தாக இரண்டு குறைகிறது, ஐந்திலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தால் பத்து, மிச்சம் மூன்று என்று பார்க்கும். இந்த மூன்றாம் படிக்கு வந்துவிட்ட பிள்ளைக்குப் பிற்பாடு பெரிய கூட்டல் எதுவும் பயம் காட்டாது. வராத பிள்ளை நாலாம் வகுப்பிலும் மேசைக்கு அடியில் விரல் மடக்கிக்கொண்டிருக்கும். வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் சொல்லி இந்தப் படியை ஏற்ற முடியாது, கையால் செய்தால்தான் ஏறும். ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1960களில் சொன்னது இதுதான்: முதலில் கையால் செய்வது, பிறகு படமாகப் பார்ப்பது, கடைசியில்தான் குறியீடாக எழுதுவது. சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1980களிலிருந்து இந்த வரிசையைத்தான் கணிதத்தில் பின்பற்றுகின்றன. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் சின்ன வகுப்புகளுக்குச் செயல்பாடுகள்தான் அடிப்படை.

சாமான்களுக்கு வருவோம். கட்சாலில் காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ரப்பர் மரத்தின் காய் முற்றினால் பட்டென்று வெடித்துச் சிதறும். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள். பழுப்பு நிறத்தில் புள்ளி போட்டு, பாலிஷ் செய்தது போல வழவழவென்றிருக்கும். பிள்ளைகளுக்கு அவற்றைப் பொறுக்குவதே ஒரு திருவிழா. ஆளுக்கு நூறு கொட்டை இருந்தால் போதும். ஓர் எச்சரிக்கை: பச்சை ரப்பர் கொட்டையில் நச்சுப் பொருள் உண்டு. வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இது வேண்டவே வேண்டாம். மற்ற ஊர்களில் புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பித்தான் எது கிடைக்கிறதோ அது. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பக்கத்தில் இருந்தால் எல்லாமே ஆபத்துதான், தொண்டையில் சிக்கும்.

அடுத்து முட்டை அட்டை. கடையில் முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஒரு பக்கம் ஐந்து, ஒரு பக்கம் ஆறு குழிகள். ஆறு வரிசையை இரண்டிரண்டாகக் கத்தரித்தால், ஐந்து குழி கொண்ட இரண்டு வரிசை என்று மூன்று துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் சரியாகப் பத்துக் குழி. இதற்குப் "பத்துப் பெட்டி" என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். மேல் வரிசை நிறைந்தால் ஐந்து என்று எண்ணாமலே கண்ணுக்குத் தெரியும். எட்டுக் கொட்டை போட்டால் இரண்டு குழி காலி என்பதும் எண்ணாமலே தெரியும். கடையில் விற்கும் விலை உயர்ந்த சாதனங்களைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது எட்டும் ஐந்தும். பத்துப் பெட்டியில் எட்டுக் கொட்டை. வெளியே ஒரு சிரட்டையில் ஐந்து கொட்டை. "பெட்டியை நிரப்பு" என்று மட்டும் சொல்லுங்கள், எவ்வளவு என்று கேட்காதீர்கள். பிள்ளை சிரட்டையிலிருந்து இரண்டை எடுத்துக் காலிக் குழியில் போடும். பெட்டி நிறைந்தது, சிரட்டையில் மூன்று. இப்போது தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: பத்தும் மூன்றும், பதின்மூன்று. விடையைப் பெயரே சொல்லிவிடுகிறது!

தமிழில் எண்ணினால் பிள்ளை குழம்பிவிடும், பள்ளிக்கூட மொழியிலேயே எண்ணட்டும் என்று சொல்லும் பெற்றோர்கள் இங்கே உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, இருபத்து மூன்று, நாற்பத்தேழு – எல்லாம் பத்தும் ஒன்றுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இலெவன், ட்வெல்வ் என்ற பெயர்களைக் கேட்டால் உள்ளே பத்து இருப்பது குழந்தைக்குத் தெரியாது. இந்தியில் கியாரஹ் தொடங்கித் தொண்ணூற்றொன்பது வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதிலும் உன்னீஸ் என்றால் இருபதுக்கு ஒன்று குறைவு என்று பொருள்படும் பெயர். நம் மொழியிலும் ஓர் இடத்தில் இந்தச் சிக்கல் உண்டு: எண்பதுக்கு அடுத்தது ஒன்பது பத்து என்று வராமல், நூற்றின் சாயலில் தொண்ணூறு என்று வருகிறது. பிள்ளைகள் எண்பத்தொன்பதுக்குப் பிறகு தடுமாறுவது அதனால்தான். அந்த ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். என் பேத்தி இந்தியில் பாட்டு மாதிரி ஐம்பது வரை சொல்வாள். ஆனால் பந்த்ரஹ் என்பதில் பத்து எங்கே என்று கேட்டால் விழிப்பாள். பதினைந்து என்று சொல்லச் சொன்னேன். "அதிலேயே இருக்கே தாத்தா" என்றாள். அதன்பிறகு பள்ளியில் எந்த மொழியில் விடை சொன்னாலும் பரவாயில்லை, உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றுதான்.

அடுத்தது கிறிஸ்துமஸ் விளையாட்டு. நிக்கோபாரிக் கிராமங்களில் கிறிஸ்துமஸ்தான் பெரிய பண்டிகை. காகித நட்சத்திரம் வெட்டும் வேலை பிள்ளைகளிடம் வந்துவிடும். ஒரு நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. இரண்டு நட்சத்திரம் சேர்ந்தால் பத்து முனை, மூன்று என்றால் பதினைந்து. ஒவ்வொரு முனையிலும் ஒரு கொட்டையை வைத்து, ஒரு நட்சத்திரத்தில் எல்லா முனையும், இன்னொன்றில் சில முனைகள் மட்டும் நிரப்பி எத்தனை என்று கேட்கலாம். நிக்கோபாரில் தேங்காயை ஜோடி ஜோடியாகவும் இருபது இருபதாகவும் எண்ணுவது பழைய வழக்கம். பக்கத்து வீட்டு நிக்கோபாரிச் சிறுவன் ஒருவன் கொட்டைகளையும் அப்படியே இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினான். மற்ற பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருக்கையில் அவன் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து இரட்டைக் கணக்கை நானும் பாடத்தில் சேர்த்துவிட்டேன். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று இரண்டு வரிசையாக அடுக்கிப் பார்த்த பிள்ளைக்கு, ஆறும் ஏழும் என்றால் பன்னிரண்டுக்கு மேல் ஒன்று என்று தானாகவே வந்துவிடும்.

டிசம்பர் 26 அன்று நாங்கள் எந்த விளையாட்டும் வைப்பதில்லை. 2004இல் அந்தக் காலையில் வந்த ஆழிப்பேரலையில் நிக்கோபாரில் மிக அதிகமாக அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று. அன்று பிள்ளைகள் பெரியவர்களோடு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எத்தனை மெழுகுவர்த்தி என்று யாரும் கேட்பதில்லை.

மார்கழி முழுவதும் வாசலில் கோலம் உண்டல்லவா? தினம் ஒரு கூட்டல் கணக்கு இலவசம். ஐந்து புள்ளி, மூன்று வரை இடைப்புள்ளி என்றால் 3, 4, 5, 4, 3 என்று ஐந்து வரிசை. மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ணவும் செய்யலாம். ஆனால் பத்துகளைத் தேடச் சொல்லுங்கள்: மூன்றும் நான்கும் மூன்றும் பத்து, மிச்சம் ஐந்தும் நான்கும் ஒன்பது, ஆகப் பத்தொன்பது. ஏழு புள்ளி, நான்கு வரை இடைப்புள்ளி இன்னும் அழகு. 4, 5, 6, 7, 6, 5, 4. மேலே உள்ள நான்கும் கீழே உள்ள ஆறும் பத்து, மேலே உள்ள ஆறும் கீழே உள்ள நான்கும் பத்து, ஐந்தும் ஐந்தும் பத்து, நடுவில் ஏழு தனியாக. முப்பத்தேழு! நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7, 5, 3, 1 போட்டால் ஏழும் மூன்றும் பத்து, ஐந்தும் ஐந்தும் பத்து, மிச்சம் மூன்றும் ஒன்றும் ஒன்றும் ஐந்து, ஆக இருபத்தைந்து. கோலமாவு இல்லாவிட்டால் தரையில் கொட்டையை வைத்தே புள்ளி போடலாம். ஆண் பிள்ளைகள் கோலம் எங்களுக்கு எதற்கு என்று ஒதுங்கினார்கள். புள்ளி எண்ணுவதில் போட்டி என்றதும் வந்துவிட்டார்கள்.

இந்தக் கோலக் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி வந்து உட்கார்ந்தார். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி வந்து, இங்கே ரப்பர் பால் வெட்டியவர். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஏழு புள்ளிக் கோலத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் முப்பத்தேழு என்று சொல்லிவிட்டார். எப்படி அம்மா என்று கேட்டேன். "எழுத்துத்தான் வராதுங்கய்யா, எண்ணம் வரும். கொழுந்து நிறுக்கிற எடத்துல எங்க அம்மா பத்துப் பத்தா சேத்துதான் மனசுல வச்சிருக்கும். ஆனா செக்ரோல்ல என்ன எழுதுனாங்களோ அதுதான் கணக்கு, நாம சொல்றது எடுபடாது" என்றார். அவருடைய அம்மா மனத்தில் வைத்திருந்த எடையும் தாளில் எழுதிய எடையும் ஒத்துப்போகாத நாட்களைப் பற்றியும் சொன்னார். கூட்டத் தெரிந்தும் அதைத் தாளில் எழுதத் தெரியாததால் வாயை மூடிக்கொண்டு வந்த தலைமுறை அது. என் பேத்தி அவரிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, முப்பத்தேழு எழுதுவது எப்படி என்று காட்டினாள். மூன்று, பக்கத்தில் ஏழு. அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் வந்தார்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விளையாட்டு ஒன்று. அந்தமான் நிக்கோபாரில் ரயில் இல்லை. இங்குள்ள பிள்ளைகளில் பலர் ரயிலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ரயில் பாதை போடுவோம் என்றதும் ஒரே உற்சாகம். அகலப் பாதையில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 13 மீட்டர் என்று வைத்து, அதன் கீழே எத்தனை கட்டை போடுவது என்பதை நாங்கள் "எம் கூட்டல் ஏழு" என்று சொல்வோம். எம் என்பது மீட்டரில் தண்டவாள நீளம். 13 கூட்டல் 7, இருபது கட்டை. அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,540. பொறியாளர்கள் கைப்புத்தகத்தில் இருப்பதும் கடைசியில் ஒன்றாம் வகுப்புக் கூட்டல்தான்! தென்னை ஈர்க்கு இரண்டு தண்டவாளம், ஒடித்த தீக்குச்சிகள் கட்டைகள். முதலில் பதின்மூன்று குச்சி வைப்பது, பிறகு ஏழு. மூன்றுக்கு ஏழு ஜோடி, பத்து என்பது இங்கே தானாக வருகிறது. எம் கூட்டல் நான்கு, எம் கூட்டல் ஆறு என்று மாற்றிக் கொடுங்கள். தீப்பெட்டிகள் பெட்டிகளாகும். உண்மையான ரயில் பெட்டி ஒன்றுக்கு எட்டுச் சக்கரம் என்பதால், இரண்டு பெட்டிக்கு எட்டும் எட்டும் பதினாறு பித்தான் தேவை. ஒரு பிள்ளை மூன்று பெட்டிக்கு இருபத்து நான்கு பித்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனது, வீட்டில் ஒரு சட்டையிலும் பித்தான் இல்லை என்று தாயார் புகார் செய்தார்.

தராசு விளையாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கம்பு, நடுவில் கயிறு, இரு முனையிலும் சிரட்டை. இதற்கு ரப்பர் கொட்டை ஆகாது, ஒவ்வொன்றும் ஓர் எடை. ஒரே அளவுள்ள இரும்பு நட்டுகள் அல்லது ஒரே ரூபாய் நாணயங்கள் வேண்டும். ஒரு பக்கம் மூன்றும் நான்கும், மறுபக்கம் ஏழு. கம்பு நேராக நிற்கும். பிறகு ஏழை எடுத்துவிட்டு ஐந்தும் இரண்டும் போடுங்கள், அப்போதும் நேர். எதற்கு இந்தப் பாடு என்றால், பிள்ளைகள் சமக்குறியை "இதோ விடை வருகிறது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். 8 + 4 = __ + 5 என்று எழுதிக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் 12 என்று எழுதுவார்கள். வெளிநாடுகளில் ஆராய்ச்சி செய்து கண்டது இது. நானும் கட்சாலில் கேட்டுப் பார்த்தேன், அதே 12. தராசில் ஒரு பக்கம் எட்டும் நான்கும், மறுபக்கம் ஐந்து போட்டுவிட்டு, "நேராக நிற்க இன்னும் எத்தனை வேண்டும்?" என்றால் ஒவ்வொன்றாகப் போட்டு ஏழில் நிறுத்துவார்கள். சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் ஒரே எடை என்பதைப் பிற்காலத்தில் இயற்கணிதம் படிக்கும்போது சொல்லிக் கொடுப்பது கடினம். இப்போது சொல்லிவிடுங்கள்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லையே என்று கவலை வேண்டாம். பதினான்கு சிரட்டைகளை மணலில் பாதி புதைத்து வையுங்கள், ஆடாது. குழிக்கு ஐந்து கொட்டை வீதம் மொத்தம் எழுபது, ஆளுக்கு முப்பத்தைந்து. குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரருக்குச் சொந்தம். விளையாடும்போது ஒன்றும் கற்றுக் கொடுக்க வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த கொட்டைகளைப் பத்துப் பெட்டியில் நிரப்பி எண்ணச் சொல்லுங்கள், அது போதும்.

பொங்கலன்று சமையலறையிலேயே கணக்கு. அரிசி அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கும் நம் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: லாபம், இரண்டு, மூன்று. ஒரு கிண்ணத்தில் ஆறு முந்திரி, இன்னொன்றில் ஏழு. விடை சரியாகச் சொன்னால் ஒன்று வாய்க்குள் போகலாம். அதன்பின் கணக்கு மாறிவிடும் என்பதும் அவர்களுக்கே தெரியும். கரும்பு கப்பலில் வந்து சேர்ந்தால் கணுக்களை எண்ணலாம், வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

எழுதுவது எப்போது? கையால் ஒரு வாரமாவது செய்தபிறகு. முதலில் பத்துப் பெட்டியின் படத்தை வரைந்து வட்டம் போடட்டும், அதற்குப் பிறகுதான் 8 + 5 = 13 என்று எண்ணாக. ஒரு நாளைக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், விடுமுறை விடுமுறையாக இருக்கட்டும். விடை தப்பாக வந்தால் தப்பு என்று சொல்லாமல் "பெட்டியில் போட்டுக் காட்டு" என்றால் போதும், அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

பள்ளி திறந்ததும் ரப்பர் கொட்டைகளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். கடற்கரை ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடித்துவிடும். போடும்போது பத்துப் பத்தாக எண்ணிப் போடச் சொல்லுங்கள். என் பேத்தியின் டப்பாவில் சென்ற முறை தொண்ணூற்றேழுதான் இருந்தது. மிச்சம் எத்தனை, எங்கே என்று தேடக் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். கழித்தல் கணக்கை அடுத்த இதழில் எழுதுகிறேன்.